சிரிப்பு அடங்கிய பிறகு…

"சீரியலைப் போய் ஆராய்ச்சி பண்ணணுமா, சார்?" என்று மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பரே கேட்டுவிட்டார். பண்ணத்தான் வேண்டும். நாடகத்தையும் சினிமாவையும் நாம் தேடிப் போய்ப் பார்க்கிறோம். தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரோ சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வளரும் ஒரு குழந்தைக்குத் தன் வீட்டையும், கோடை விடுமுறையில் பார்க்கும் தாத்தா வீட்டையும் விட்டால், நெருங்கிப் பார்க்கக் கிடைக்கும் தமிழ்க் குடும்பம் பெரும்பாலும் திரையில் வருவதுதான். ஆகவே அங்கே ஆண் எப்படி இருக்கிறான், பெண் எப்படி இருக்கிறாள் என்ற கேள்வி, ஊரில் இருப்பவர்களைவிட நமக்குக் கொஞ்சம் அதிகமாகவே பொருந்தும்.

1993-இல் சன் டிவி வருவதற்கு முன் தில்லித் தமிழர் தொடர் பார்த்துச் சிரித்ததெல்லாம் அநேகமாக இந்தியில்தான். 1984-இல் தூர்தர்ஷனில் வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி'யைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். ஷஃபி இனாம்தாரும் ஸ்வரூப் சம்பத்தும் கணவன் மனைவி. சதீஷ் ஷா வாரத்துக்கு ஒரு வேஷத்தில் வந்து கலக்குவார். அன்றைக்கு ரசித்தோம், இன்றைக்கு யோசித்தால் ஒன்று புரிகிறது. ஆண் யாராக வேண்டுமானாலும் வரலாம். மனைவி வாராவாரம் மனைவிதான்.

அடுத்த ஆண்டு, 1985-இல், பாசு சட்டர்ஜியின் 'ரஜனி' வந்தது. அது முழு நகைச்சுவைத் தொடர் அல்ல. ஆனால் ப்ரியா டெண்டுல்கர் நடித்த அந்தக் குடும்பத் தலைவி கேஸ் சிலிண்டர் விஷயத்தில் நியாயம் கேட்டபோது வீட்டுக்கு வீடு கைதட்டினார்கள். பத்து வருஷம் கழித்து, 1995-இல், ஜீ டிவியின் 'ஹம் பாஞ்ச்' தொடரில் அதே ப்ரியா டெண்டுல்கர் திரும்ப வந்தார், எப்படி? இறந்துபோன முதல் மனைவியாக, சுவரில் மாட்டிய புகைப்படத்துக்குள்ளிருந்து கணவனிடம் பேசுகிறவராக! தெருவில் இறங்கிக் கேள்வி கேட்ட குரலுக்குக் கடைசியில் கிடைத்த இடம் போட்டோ ஃபிரேம். திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் மனசில் உறுத்துகிறது.

'ஹம் பாஞ்ச்' மீது முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. ஐந்து பெண்கள் உள்ள வீட்டை அழுகையாக்காமல் கொண்டாட்டமாகக் காட்டியது அது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான வித்யா பாலன் முதலில் முகம் காட்டியதும் அதில்தான். ஆனால் அந்த ஐவரில் பெண்ணுரிமை பேசும் மூத்தவள் இருக்கிறாளே, அவள் உரிமை பேசுவதே அங்கே ஜோக்.

தமிழுக்கு வருவோம். 1998-இல் கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரிக்க, நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' ஒரு நல்ல முன்னுதாரணம். கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. சமத்துவம் தலைப்பிலேயே வந்துவிட்டது. ராம்ஜியும் வாசுகியும் போடும் சண்டையில் அசடு வழியும் முறை இருவருக்கும் மாறி மாறி வரும். ஒருவர்தான் எப்போதும் முட்டாள் என்ற நிரந்தர ஏற்பாடு இல்லை.

'சின்ன பாப்பா பெரிய பாப்பா' வேறு தினுசு. மாமியார் மருமகள் சண்டையே அதன் மூலதனம். இந்தியில் ரீமா லாகூவும் சுப்ரியாவும் நடித்த 'தூ தூ மைன் மைன்' இதற்கு அக்கா முறை. சிரிக்கவைக்கும் முதன்மைப் பாத்திரம் ஆண்களுக்கே என்றிருந்த வழக்கத்தை இவை மாற்றின; அந்தப் பெருமையைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் இரண்டு பெண்களும் எதற்காக மோதுகிறார்கள்? அடுப்படி அதிகாரத்துக்கும் ஓர் ஆணின் தயவுக்கும். அந்த ஆணோ நடுவில் பாவம்போல் நிற்கிறான். இரண்டு பேரை ஒரே சமையலறையில் அடைத்த ஏற்பாட்டை யாரும் கேட்பதில்லை.

எல்லாத் தொடருக்கும் பொதுவான இன்னொரு சரக்கு, பெண்டாட்டிக்குப் பயப்படும் புருஷன். "ஆம்பளையைத்தானே சார் கேலி பண்றாங்க, பொம்பளைக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். தில்லிக்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். செக்‌ஷன் ஆபீசருக்கு எல்.டி.சி. பயப்பட்டால் நமக்குச் சிரிப்பு வராது; அது இயற்கை என்று போய்விடுவோம். ஆபீசர் எல்.டி.சி.க்குப் பயந்தால்தான் சிரிப்பு. அப்படியானால் புருஷன் பயப்படுவதைப் பார்த்துச் சிரிக்கும்போது, வீட்டில் ஆபீசர் யார் என்று நாம் முடிவுகட்டிவிட்டோம் என்றுதானே அர்த்தம்? கேலி அவன் மேல் விழுவதுபோல் விழுந்து, அவள் இடத்தை அவளுக்கு நினைவுபடுத்துகிறது.

நகைச்சுவையே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. கலைவாணர் ஒன்று சொன்னால் டி.ஏ. மதுரம் பதிலுக்கு ஒன்று கொடுப்பார். சிரிப்பு இரண்டு பக்கமிருந்தும் வரும். அந்தப் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருந்ததுதான்.

கடைசியாக என் வீட்டுக் கதை. ஒரு தொடரில் கணவன் அடுப்புப் பற்றவைக்கத் தெரியாமல் திண்டாடினான். வீட்டிலேயே பலமாகச் சிரித்தவன் நான்தான். சிரிப்பு அடங்கியதும், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், காலி டம்ளரைப் பின்பக்கம் நீட்டினேன். வாங்கிக்கொள்ள அங்கே ஒரு கை தயாராக இருந்தது. "அப்பா, அந்த மாமாவும் நீயும் ஒண்ணுதான்" என்றாள் மகள். இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்த ஒரு வரி.

நேற்று டபரா டம்ளரை நானே கழுவினேன். சரியாகக் கழுவவில்லை என்று இன்னொரு தரம் கழுவ வேண்டியிருந்தது. அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு ஆட்சேபம் இல்லை.