ஓடும் தூரமா, நிற்கும் தூரமா?

டயர் கடையில் வாடிக்கையாளர் முதலில் கேட்பது விலை. அடுத்தது, "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" கடைக்காரர் தயங்குவதே இல்லை. "ஐம்பதாயிரம் ஓடும் சார், கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்." பேச்சு பெரும்பாலும் அதோடு முடிந்து, ஜாக்கி ஏறிவிடும். ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய், அவ்வப்போது சொந்த ஊருக்கும் போய்வரும் எஸ்யூவிக்கு அந்த இரண்டாவது கேள்வி தேவைதானா? தேவையில்லை என்பதோடு, தப்பான டயரை வாங்கவைப்பதே அந்தக் கேள்விதான் என்பது என் கட்சி.

எடுத்துக்காட்டாக ஒரே ஓர் அளவை வைத்துக்கொள்வோம்: 215/60 ஆர்17. கிரெட்டா, செல்டோஸ் மேல்வகைகளில் வருவது. அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 60 விழுக்காடு, அதாவது 129 மில்லிமீட்டர். ரிம் 17 அங்குலம். கூடவே 96எச் என்றிருக்கும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். காரோடு வந்த இந்த எண்களுக்குக் கீழே இறங்கக் கூடாது. "ஒரு சைஸ் அகலமா போட்டா கெத்தா இருக்கும்" என்ற ஆலோசனைக்கும் காது கொடுக்க வேண்டாம். மைலேஜ் குறையும், ஸ்டியரிங் கனக்கும். இதில் எடைபோட ஒன்றுமில்லை.

எடைபோட வேண்டியது விலைப்படிகளை. அடிப்படியில் இருப்பது பழைய டயர். சென்னையில் புதுப்பேட்டை பக்கம் போனால் பாதி விலைக்கும் கீழே, கருகருவென்று பாலிஷ் போட்டு அடுக்கிவைத்திருப்பார்கள். பட்டன் ஆழமாகத் தெரிகிறதே என்று ஏமாறக் கூடாது. தேய்ந்த டயரில் சூடான கத்தியால் காடியை ஆழப்படுத்துவது பழைய வித்தை. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எந்த டயரிலும் காடிக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டது என்று காட்டும் எல்லைக்கல் அது. வெட்டிய டயரில் அந்த மேடும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கும், அல்லது காடியின் அடி கரடுமுரடாக இருக்கும். அதற்குக் கீழே கம்பிப் பின்னலை மூடியிருக்கும் ரப்பர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. மே மாதத்தில் திருச்சி சாலையில் முழுக் குடும்பத்தோடு நூறில் போகும் காருக்கு இது ஆகாது. இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

அடுத்து, அந்த ஐம்பதாயிரம். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி அந்தத் தூரத்தைத் தொட ஆறேகால் ஆண்டு ஆகும். டயரோ தேய்ந்து மட்டும் சாவதில்லை, வயதாகியும் சாகிறது. வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை இறுக்குகின்றன; பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன; பட்டன் பாக்கி இருந்தாலும் பிடிப்பு போய்விடுகிறது. பல கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டில் மாற்றிவிடச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் சில பத்து ஆண்டை உச்சவரம்பாக வைத்தாலும், ஐந்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதித்துப் பார்க்கச் சொல்கின்றன. நம் ஊரில் தெருவோரம் வெயிலில் காயும் வண்டிக்கு ஐந்து, ஆறு என்றே கணக்கு வைப்பது நல்லது. அப்படியானால் குறைவாக ஓட்டுகிறவர் எழுபதாயிரம் ஓடும் டயரைத் தேடி வாங்கினால், கடைசி இருபதாயிரத்தை அவர் பார்க்கப்போவதே இல்லை. அதற்கான விலையை மட்டும் கொடுத்திருப்பார்.

விலை என்றதும் பணம் மட்டும் நினைவுக்கு வரும். இங்கே வேறொன்றும் போகிறது. டயர்த் தொழிலில் மாய முக்கோணம் என்று ஒன்றைச் சொல்வார்கள்: தேய்மானம், ஈரத்தில் பிடிப்பு, உருளும்போது உண்டாகும் தடை. ஒன்றை இழுத்தால் மற்றொன்று நழுவும். நீண்ட காலம் உழைக்கும் ரப்பர் ஈரத் தாரில் பிடிப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தே அந்த ஆயுளைப் பெறுவது வழக்கம். 1990களின் தொடக்கத்தில் மிஷெலின் கரிப்பொடிக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்கா கலந்து அந்த முக்கோணத்தை விரித்தது. பிறகு எல்லோரும் அந்த வழிக்கு வந்தார்கள். முக்கோணம் பெரிதானதே தவிர மறைந்துவிடவில்லை. நல்ல கலவைக்குச் செலவும் கூடுதல்.

ஈரப்பிடிப்பின் மதிப்பை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது பிரேக் போடுகிறோம். நனைந்த சாலையில் ஒரு டயரின் உராய்வு எண் 0.7, இன்னொன்றினுடையது 0.55 என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டி 36 மீட்டரில் நிற்கும். இரண்டாவது நிற்க 46 மீட்டர் வேண்டும். பத்து மீட்டர்தானே என்று தோன்றலாம். முதல் வண்டி நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 37 கிலோமீட்டர். முன்னால் லாரி நின்றிருந்தால் அந்த வேகத்தில்தான் இடி விழும். ஐப்பசியில் முதல் மழை விழுந்து, மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து கிடக்கும் சாலையில் உராய்வு இந்த எண்களைவிடவும் இறங்கும். ஏபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். ஏபிஎஸ் சக்கரம் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ளும். இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

இவ்வளவு முக்கியமான விஷயத்தைக் கடையில் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்றால், இங்கேதான் எனக்கு ஆதங்கம். ஐரோப்பாவில் ஒவ்வொரு டயருக்கும் ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் ஈ வரை தர எழுத்து போட்ட லேபிள் உண்டு. நம் நாட்டில் ஏஐஎஸ்-142 என்ற விதி ஈரப்பிடிப்பு, உருளும் தடை, சத்தம் மூன்றுக்கும் வரம்பு வைத்து 2022 அக்டோபரில் புது வடிவமைப்புகளுக்கு நடைமுறைக்கு வந்தது. பழைய வடிவமைப்புகளுக்கு அடுத்த ஆண்டு. நல்ல விதிதான். ஆனால் தேர்ச்சியா இல்லையா என்பதோடு சரி. மதிப்பெண் வெளியே வராது. 36 மதிப்பெண்ணும் 96 மதிப்பெண்ணும் வாங்குகிறவருக்கு ஒன்றுதான். ஃப்ரிட்ஜில் பார்க்கும் அதே நட்சத்திர லேபிள் டயருக்கும் வந்திருக்கிறது. அது எரிபொருள் சிக்கனத்துக்காக உருளும் தடையை வைத்துக் கொடுக்கும் நட்சத்திரம். ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்ததும் எல்லா வகையிலும் சிறந்த டயர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில டயர்களின் பக்கச்சுவரில் ட்ராக்ஷன் என்ற சொல்லுக்கு அருகே ஏஏ, ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருக்கும். அமெரிக்க முறைப்படி ஈரத் தரையில் நேர்கோட்டில் பிரேக் போட்டு அளந்தது அது. பக்கத்திலேயே ட்ரெட்வேர் என்று 300, 400, 500 மாதிரி ஓர் எண். கூட இருந்தால் மெதுவாகத் தேயும். அந்த எண்ணை நிறுவனமே தனக்குப் போட்டுக்கொள்கிறது. குறைவாக ஓட்டுகிறவர் எழுத்தைப் பார்க்க வேண்டும், எண்ணை அல்ல.

ஆல் டெரெய்ன் டயர் பற்றி நீட்ட விரும்பவில்லை. பெரிய பெரிய கட்டிகளாகப் பட்டன் வைத்த அந்த டயர் சேற்றுக்கும் கல்லுக்கும் உரியது. தாரில் இரைச்சல், எடை, மைலேஜ் இழப்பு. நனைந்த தாரில் பிடிப்பும் சாதாரண டயருக்குப் பின்னால்தான். முன்சக்கரம் மட்டும் இழுக்கும் கிரெட்டாவுக்கு அதைப் போடுவது படம் காட்டுவதற்குத்தான்.

பிராண்டு? சச்சின் மட்டையில் எம்ஆர்எஃப், ஐபிஎல் இடைவேளையில் சியட், 2025 செப்டம்பரிலிருந்து இந்திய அணியின் சட்டையில் அப்பல்லோ, கோவை கரி ஸ்பீட்வே பந்தயங்களில் ஜேகே. கிரிக்கெட்டுக்கும் பந்தயத்துக்கும் டயர் வாங்குகிறவர்கள் கொடுத்த பணம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த விளம்பரம் எதுவும் ஈரத் தாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஆனாலும் உள்நாட்டு நிறுவனங்களுக்கு ஒரு நியாயமான மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும். பள்ளத்தில் விழுந்து பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது. டயரையே மாற்ற வேண்டும். திண்டுக்கல்லிலோ தென்காசியிலோ ஞாயிறு மதியம் அப்படி ஆனால், அதே மாடல் அன்றே கிடைக்க வாய்ப்பு இவர்களிடம்தான் அதிகம்.

மேல்படியில் மிஷெலின் போன்றவை. சத்தம் குறைவு, சொகுசு, ஈரத்தில் நல்ல பெயர். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு உரிமம் தேவை என்று அரசு கட்டுப்பாடு போட்டதிலிருந்து மலிவான சீன டயர் சந்தையிலிருந்து வற்றிப்போனது. விலை உயர்ந்த வெளிநாட்டு டயர்களும் சில அளவுகளில் தட்டுப்பாடாயின. ஆகவே அந்த விலையில் தரம் எவ்வளவு, பற்றாக்குறை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மிஷெலின் தன் தேர்வாய்கண்டிகை ஆலையில் கார் டயரும் தயாரிக்கப்போவதாக 2024இல் அறிவித்தது. அந்த டயர் கடைகளில் பரவலாகும்போது இந்த எடை மாறக்கூடும்.

கணக்குக்காக மேல்படி டயர் 12,000 ரூபாய், நடுப்படி 9,000 என்போம். நான்குக்கும் வித்தியாசம் 12,000. நாற்பதாயிரம் கிலோமீட்டரில் வகுத்தால் கிலோமீட்டருக்கு 30 காசு. லிட்டருக்கு 13 கொடுக்கும் வண்டியில், பெட்ரோல் நூறு ரூபாய் என்றால், எரிபொருள் செலவு கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 70 காசு. அதோடு வைத்துப் பார்த்தால் 30 காசு பெரிதல்ல. அதனால்தான், ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர், மழைக்காலத்திலும் ராத்திரியிலும் போயாக வேண்டியவர் மேல்படிக்கே போகட்டும் என்பேன். அவர் அந்த டயரை வயதாக விடாமல் தேய்த்து முடிப்பார். கொடுத்த காசு முழுவதும் சாலையில் இறங்கும்.

மற்றவர்களுக்கு, அதாவது இந்தக் கட்டுரை யாருக்காகவோ அவர்களுக்கு, தீர்ப்பு நடுப்படி: உள்நாட்டு நிறுவனங்களோ இங்கேயே ஆலை வைத்திருக்கும் பிரிட்ஜ்ஸ்டோன், யோகோஹாமா போன்றவையோ தாருக்கென்றே செய்யும் சாலை டயர். அதிலும் 'நீண்ட ஆயுள்' என்று விற்கும் மாடலை ஒதுக்கிவிட்டு, ஈரப்பிடிப்பையும் சொகுசையும் சொல்லி விற்கும் மாடல். காரோடு வந்த அதே டயர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. கார் நிறுவனம் அதைத் தேர்ந்தெடுக்கும்போது தன் மைலேஜ் எண்ணையும் கொள்முதல் விலையையும் பார்த்திருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முன் 10,000 ரூபாய் டயருக்கு ஆயிரம் மிச்சம். அந்த ஆயிரத்தைச் சேமிப்பாக எண்ணாமல் ஒரு படி மேலான மாடலுக்குக் கொடுப்பதையே நான் செய்வேன்.

பிராண்டைவிடக் கறாராகப் பார்க்க வேண்டியது தயாரிப்பு வாரம். பக்கச்சுவரில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். இது பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுதாக இருக்கும். மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் பிறகு காருக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். ரிம்மில் ஏற்றும் முன்பே நான்கையும் புரட்டிப் பார்த்துவிடுங்கள். "ஸ்டாக் கொஞ்சம் பழசு சார், பதினைந்து பர்சென்ட் குறைச்சுத் தர்றேன்" என்று கடைக்காரர் சொல்வது தாராளமாகத் தோன்றும். ஆறு ஆண்டு ஆயுளில் இரண்டு ஆண்டு கடையிலேயே கழிந்துவிட்டால் போனது மூன்றில் ஒரு பங்கு. கிடைத்த தள்ளுபடி ஏழில் ஒரு பங்கு. குடோன் நிழலில் இருந்த டயர் வெயிலில் நின்ற டயர் அளவுக்குக் கெடாது என்று கடைக்காரர் வாதாடலாம், அதில் உண்மையும் உண்டு. இருந்தாலும் பேரம் அவர் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. பெரிய பெயரின் பழைய சரக்கைவிடச் சற்றுச் சின்னப் பெயரின் புதுச் சரக்கு மேல்.

கை கடிக்கிறது, இப்போதைக்கு இரண்டுதான் வாங்க முடியும் என்றால் அதுவும் சரியே. ஒரே அச்சில் இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும், புதியவை பின்சக்கரத்துக்குப் போக வேண்டும். முன்சக்கரம்தான் இழுக்கிறது, சீக்கிரம் தேய்கிறது, ஆகவே புதுசு முன்னால் என்பது எல்லாக் கடையிலும் பழக்கம். ஆனால் நீர் தேங்கிய வளைவில் முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேரே போகப் பார்க்கும். ஆக்சிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடிபடும். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். சாதாரண ஓட்டுநரால் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கடைப் பையன் முன்சக்கரத்தைக் கழற்றத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்: "தம்பி, பின்னாடி இருக்கிற ரெண்டையும் முன்னாடி மாத்து, புதுசு ரெண்டையும் பின்னாடி போடு."