அவசரப்படாத கண்

தைராய்டுக் கட்டியின் ஸ்லைடில் கதிர்க்கோல் வடிவச் செல்கள் கத்தை கத்தையாக ஓடினால், நல்ல பேத்தாலஜிஸ்ட் சட்டென்று பெயர் சொல்லிவிட மாட்டார். அந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மெடுல்லரி புற்றுநோயும் இதே வேஷம் போடும். ஆனால் அதைக் காட்டிக்கொடுக்கும் கால்சிடோனின் சாயம் இங்கே ஏறவில்லை. தைரோகுளோபுலினும் இல்லை. கெரட்டின் மட்டும் பழுப்பாகப் பளிச்சிடுகிறது. நோயாளியோ பதின்வயதுப் பிள்ளை. பொறுமையாக ஸ்லைடை நகர்த்திக்கொண்டே போனால், செல் கத்தைகளுக்கு நடுவே சின்னஞ்சிறு சுரப்பிக் குழாய்கள்! அப்போதுதான் 'செட்டில்' என்ற பெயர் வாயில் வரும். தைமஸ் சாயல் கொண்ட இந்த அரிய கட்டிக்கு 1991இல் பேத்தாலஜிஸ்ட்டுகளான சானும் ரோசாயும் வைத்த பெயர் அது. மெதுவாகத்தான் வளரும், பல ஆண்டுகள் கழித்தும் நுரையீரலுக்குப் பரவக்கூடும். அதனால் 'நீண்டகாலக் கண்காணிப்பு தேவை' என்ற வரி அறிக்கையில் கட்டாயம் வேண்டும்.