பக்கத்துப் பக்கத்தில் என்ன இருந்தது?

அச்சுப் பத்திரிகை ஏன் இன்னும் சாகவில்லை என்று யாராவது எழுத ஆரம்பித்தால், இரண்டாவது பத்தியிலேயே காகித வாசனை வந்துவிடுகிறது. அப்புறம் மழை, ஃபில்டர் காபி, ஊஞ்சல். எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. வாசனைதான் காரணம் என்றால் எங்கள் தலைமுறையோடு விஷயம் முடிஞ்சுது. இருபது வயதுப் பையனுக்கு அந்த நினைவே கிடையாதே? பழைய இதழ்களைத் தேடிப் புரட்டுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிகிற காரணம் வேறு.

பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்வோம். 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை கல்கியில் வாராவாரம் வந்த தொடர். நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடுகிறார்கள். மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஆனாலும் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்ட் செய்த தொகுதிகளைத் தேடி அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மணியத்தின் படங்கள் ஒரு காரணம். வந்தியத்தேவன் என்றதும் நம் மனதில் வருகிற உருவம் பாதி அவர் வரைந்தது. மலிவுப் பதிப்புகள் பலவற்றில் படமே கிடையாது. இன்னொரு காரணம், கதை ஓடுகிற வேகம். அத்தியாயத்துக்கு அத்தியாயம் யாரோ கத்தியை ஓங்குவதும், இருட்டில் ஒரு நிழல் நகர்வதும் புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கும்போது கொஞ்சம் அலுக்கத்தான் செய்கிறது. ஒரு வாரம் காத்திருந்து படிக்கிறவருக்காக அளந்து வைத்த நிறுத்தங்கள் அவை.

ஆனால் பைண்டிங்கில் எனக்கு ரொம்பப் பிடித்தது தொடரின் மறுபக்கம். கதை முடிகிற தாளின் பின்னால் பாதி ஜோக் இருக்கும், தலைப்பில்லாத ஒரு கட்டுரையின் வால் இருக்கும், விளம்பரத்தின் ஓரம் இருக்கும். கிழித்தவர் வேண்டாம் என்று நினைத்தும் தப்பி வந்தவை.

அந்தத் தப்பி வந்த விஷயங்களில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 1954-ஐப் பாருங்கள். ஏப்ரலில் ராஜாஜி சென்னை மாநில முதலமைச்சர் பதவியிலிருந்து விலகுகிறார். மே மாதம் பொன்னியின் செல்வன் முடிகிறது, தனக்கு வரவேண்டிய மகுடத்தை அருள்மொழிவர்மன் இன்னொருவர் தலையில் வைப்பதோடு. அதே மே மாதம், அதே கல்கியில், ராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமகன்' தொடங்குகிறது. அரியணையை விட்டுக் காட்டுக்குப் போன இன்னொரு இளவரசன் கதை. கல்கிக்கும் ராஜாஜிக்கும் இருந்த நெருக்கம் ஊரறிந்தது. யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அன்று கல்கி வாங்கிய வீட்டில் இந்த மூன்றும் ஒரே சமயத்தில் பேசப்பட்டிருக்கும். இன்று நாவல் ஒரு பதிப்பகத்தில், ராமாயணம் இன்னொன்றில், ராஜினாமா வரலாற்றுப் புத்தகத்தில். எதைத் தனியாக எடுத்துப் படித்தாலும் மற்ற இரண்டும் தெரியாது.

இணைய இதழ்களோடு எனக்கு இருக்கிற சண்டை இதுதான். கட்டுரை கிடைக்கிறது, இதழ் கிடைப்பதில்லை. கட்டுரைக்குக் கீழே 'இதையும் படிங்க' என்று ஐந்து இணைப்புகள் வரும். அவை எனக்காக ஒரு நிரல் அந்த நொடியில் பொறுக்கிப் போட்டவை. உங்களுக்கு வேறு ஐந்து, நாளைக்கு எனக்கே வேறு ஐந்து. ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் வந்து, இந்த வாரம் தமிழ் வாசகர்கள் எதை எதோடு சேர்த்துப் படித்தார்கள் என்று கேட்டால் எதைக் காட்டுவது? போதாக்குறைக்கு, வெளியான கட்டுரையைச் சத்தமில்லாமல் திருத்துகிறார்கள். எங்கள் தொழிலில் ஒரு வரி நிரலை மாற்றினால்கூட யார், எப்போது, ஏன் என்று பதிவு இருக்கும். பத்திரிகைக்கு அது வேண்டாமா?

தேடல் வசதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அது வேற விஷயம். அச்சில் வருகிற எல்லாமே உயர்த்தி என்றும் சொல்ல முடியாது. யூடியூபில் போன வாரம் பார்த்த நடிகர் பேட்டியை இந்த வாரம் அச்சடித்து விற்கிற இதழுக்குப் பக்கத்துப் பக்கம் இருந்து என்ன பயன்?

கணினியால் இது முடியாது என்பதும் இல்லை. டொமினிக் ஜீவா 1966-இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மல்லிகையை நூலகம் தளத்தில் பாருங்கள். இதழ் இதழாக, அட்டையோடு, முழுசாக ஸ்கேன் செய்திருக்கிறார்கள். ஒரு சிறுகதையைத் தேடிப் போனால் கடை விளம்பரமும் வாசகர் கடிதமும் சேர்ந்தே வருகின்றன. எந்த ஊர் வியாபாரிகள் ஒரு முற்போக்கு இலக்கிய இதழுக்குக் காசு கொடுத்தார்கள் என்பதும் ஒரு தகவல்தானே.

கல்கி 2020-இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. இன்னும் சில இதழ்கள் அந்த வழியில் போகலாம், செலவுக் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும். போகிறவர்களிடம் கேட்கத் தோன்றுவது ஒன்று. வாரம் ஒருமுறை, அல்லது மாதம் ஒருமுறை, அந்தக் காலத்தில் வந்த எல்லாவற்றையும் விளம்பரம் உட்பட, தேதியும் பக்க எண்ணும் போட்டு ஒரே பிடிஎஃப்பாக வைத்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு அதில் கை வைக்காதீர்கள். திருத்தம் இருந்தால் அடுத்த இதழில் போடுங்கள்.