கடதாசிக் குழாய் சுற்ற எந்தக் கம்பி நல்லது?

மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனிக் காற்றாலைகள் 30 வரிசையாக நிற்கின்றன. 2020 டிசெம்பரில் திறந்த பண்ணை. மொத்த வலு 103.5 மெகாவாட். ஒவ்வொரு சுழலிக்கும் 126 மீற்றர் விட்டம். அப்படி ஒன்றை 1:1000 அளவில் கடதாசியில் செய்ய உட்கார்ந்தேன். சிறகுகள் சுலபமாக வந்தன, கோபுரம்தான் சோதித்தது. அடியில் 4 மி.மீ., உச்சியில் 3 மி.மீ.க்கும் குறைவான உருளை அது. மூன்று கம்பிகளில் சுற்றிப் பார்த்தேன்.

மூங்கில் குச்சி: பசையின் ஈரத்தைக் குடித்து உப்பிவிடுகிறது. குழாய் இறுகி, உருவும்போது கிழிகிறது. மெழுகு தேய்த்தால் கொஞ்சம் பரவாயில்லை.

தென்னை ஈர்க்கு: ஒரு முனை தடிப்பு, மறுமுனை மெல்லிசு. மெல்லிய பக்கம் தள்ளினால் குழாய் உடனே கழன்றுவிடும். ஆனால் ஈர்க்கு நெளிந்தால் குழாயும் நெளியும். 1 மி.மீ. கைப்பிடிக் கம்பி போன்ற குட்டைத் துண்டுகளுக்கு இதுவே போதும்.

சைக்கிள் சில்லுக் கம்பி: 2 மி.மீ. தடிப்பு, நேர், வழுவழுப்பு. வளைந்த தலையையும் மரை முனையையும் வெட்டி, அரத்தால் தேய்த்து மழுக்கிவிட வேண்டும்.

கம்பியைவிட முக்கியம் கடதாசியின் நார் ஓடும் திசை. இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக மடங்குகிறதோ அந்தப் பக்கமே சுற்றுங்கள். அப்போது நார் குழாயின் நீளவாக்கில் அமையும். எதிர்ப்பக்கம் சுற்றினால் விளிம்பு மொடமொடத்து எழும்பும். முதலில் அடிமட்டத்தின் விளிம்பில் இழுத்துச் சுருள வையுங்கள். முதற்சுற்றுக்குப் பசை வேண்டாம். அது கம்பியில் ஒட்டினால் எல்லாம் வீண். இரண்டாம் சுற்றிலிருந்து மெல்லியதாகத் தடவுங்கள்.

கோபுரத்தின் கூர்ப்புக்கு வழி, வெட்டும் வடிவத்திலேயே இருக்கிறது. 0.1 மி.மீ. கடதாசியை அடியில் 94 மி.மீ., உச்சியில் 30 மி.மீ. அகலமாகச் சாய்த்து வெட்டினேன். நேரான ஓரம் கம்பியோடு இருக்கட்டும். சாய்ந்த ஓரம் கடைசியாக வரட்டும். அடியில் பத்துச் சுற்று, உச்சியில் நான்கு. குழாய் 4 மி.மீ.இலிருந்து 2.8 மி.மீ.க்குத் தானாகக் கூர்ந்து வருகிறது. ஓரத்தை நகத்தால் அழுத்திவிட்டால் தையல் தெரியாது.

இங்கே கடற்காற்றின் ஈரம் கடதாசியில் எப்போதும் ஏறியிருக்கும். அதனால் நீர் கலந்த பசை காயப் பிந்தும், குழாய் கோணும். வெள்ளைப் பசையைத் தண்ணீர் சேர்க்காமல் விரல்நுனியால் தேய்த்ததில்தான் எனக்கு நேரான குழாய் கிடைத்தது. கடதாசியையும் மூடிய டப்பாவில் வையுங்கள்.

என் தெரிவு சில்லுக் கம்பி. ஈர்க்கையும் எறிய வேண்டாம். முதல் பத்துக் குழாய்களைப் பழைய கொப்பித் தாளில் சுற்றுங்கள். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்குப் பதினோராவது குழாய்தான் கோபுரமாக நின்றது.