உயரத்தைக் கொடுத்துத் தூரத்தை வாங்குவோர்

1983 ஜூலை 23. எட்மன்டனை நோக்கி 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த ஏர் கனடா போயிங் 767 விமானத்தில் எரிபொருள் எச்சரிக்கை ஒலித்தது. சற்று நேரத்தில் இரண்டு என்ஜின்களும் அடுத்தடுத்து நின்றன. கனடா அப்போதுதான் மெட்ரிக் அளவுக்கு மாறிக்கொண்டிருந்தது. 22,300 கிலோ எரிபொருள் இருக்க வேண்டிய விமானத்தில், கணக்குப் பிசகி, 22,300 பவுண்டுதான் இருந்தது. தேவையில் பாதிகூட இல்லை.

துணை விமானி மோரிஸ் குவின்டல் கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்து கடல் மைல் போவதற்குள் விமானம் 5,000 அடி இறங்குகிறது. அதாவது, ஓரடி இறங்கினால் பன்னிரண்டு அடி முன்னேறலாம். இந்தக் கணக்கில் வின்னிபெக் எட்டாது. கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளம் எட்டும். ஆனால் தளத்தை நெருங்கியபோது விமானம் அளவுக்கு மீறிய உயரத்தில் இருந்தது. என்ஜின் இல்லாததால் சுற்றி வந்து இன்னொரு முறை முயலவும் வழியில்லை. கேப்டன் பாப் பியர்சன், ஓய்வு நேரங்களில் கிளைடர் என்னும் என்ஜின் இல்லாத விமானத்தை ஓட்டியவர். இறக்கையை ஒருபக்கம் சாய்த்து, வால் சுக்கானை எதிர்ப்பக்கம் மிதித்து, விமானத்தைக் காற்றில் பக்கவாட்டாகத் தள்ளியபடியே உயரத்தைக் குறைத்தார். சிறிய கிளைடர்களில் அன்றாடம் செய்யும் வித்தை அது. பழைய ஓடுதளம் அன்று கார்ப் பந்தயத் திடலாக மாறியிருந்தது. முன்சக்கரம் மடங்கி, மூக்கு தரையில் தேய்ந்து விமானம் நின்றது. உள்ளே இருந்த 69 பேரும் உயிர் தப்பினார்கள்.

கிளைடிங் என்னும் கலையின் சாரம் முழுவதும் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. உயரம்தான் கையிருப்பு, அதைச் செலவழித்தால் தூரம் கிடைக்கும். ஸ்பேஸ் ஷட்டில் தரையிறங்கும்போது ஓரடி இறக்கத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய நாலரை அடிதான். போட்டிகளில் பறக்கும் இன்றைய உயர்ரகக் கிளைடர்களோ அறுபது அடி வரை போகின்றன.

பறத்தலின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் என்ஜினிலிருந்து தொடங்குகிறார்கள். அது நியாயமில்லை. ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்டால் வெண்நாரைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து, பறவைகளின் பறத்தலைப் பற்றி 1889இல் ஒரு நூல் எழுதினார். பிறகு மரச்சட்டத்தில் பருத்தித்துணி போர்த்திய இறக்கைகளைத் தோளில் மாட்டி, மேடுகளிலிருந்து ஏறக்குறைய 2,000 முறை பறந்தார். திசை திருப்ப அவருக்கிருந்த ஒரே வழி, தொங்கும் தன் உடலை இப்படியும் அப்படியும் அசைப்பது. அது போதவில்லை. 1896 ஆகஸ்ட் 9 அன்று விழுந்தவர், மறுநாள் இறந்தார். அந்தச் சாவுச் செய்திதான் ரைட் சகோதரர்களின் கவனத்தை இந்தப் பக்கம் இழுத்தது. மேலும் கீழும், இடமும் வலமும், சாய்வும் என மூன்று வகை அசைவையும் கட்டுப்படுத்தும் வழியை அவர்கள் 1902இல் ஒரு கிளைடரில்தான் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டு என்ஜினைப் பொருத்தியபோது கடினமான பகுதி முடிந்திருந்தது.

முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியில் என்ஜின் விமானங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. மாணவர்களும் பொறியாளர்களும் வாசர்குப்பே மலைக்குக் கிளைடர்களைத் தூக்கிச் சென்றார்கள். 1920இல் அங்கே போட்டிகள் தொடங்கின. மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றில் முதலில் மிதந்தார்கள். பிறகு, வெயிலில் சூடான நிலத்திலிருந்து எழும் தெர்மல் காற்றில் வட்டமடித்து ஏறக் கற்றார்கள். செலவழித்த உயரத்தைத் திரும்பச் சம்பாதிக்கும் வழி அப்படித்தான் மனிதர் கைக்கு வந்தது.

பருந்துக்கு அது பிறவிப் பாடம். நண்பகல் வானத்தில் சிறகசையாமல் வட்டமிட்டு ஏறும் பருந்தை நம் ஊரில் பார்க்காதவர் யார்? ஆனால் இந்தத் திறமையின் உச்சம் ஆண்டிஸ் மலையின் காண்டாரிடம் இருக்கிறது. பதினைந்து கிலோ வரை கனக்கும் பறவை அது. உடலில் கருவி பொருத்திச் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. பறந்த நேரத்தில் ஒரு சதவீதம் மட்டுமே அவை இறக்கை அடித்தன. அதிலும் பெரும்பகுதி தரையிலிருந்து எழும்போது. ஒரு காண்டார் ஐந்து மணி நேரத்துக்கு மேல், 172 கிலோமீட்டர், ஒருமுறைகூட இறக்கை அடிக்காமல் பறந்திருந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரம் தாவும் உயிர்களுக்கு இந்தச் சம்பாத்தியம் கிடையாது, செலவு மட்டுமே. பறக்கும் ஓணான் நீண்ட விலா எலும்புகளை விரித்து, அவற்றின் மேல் படர்ந்த தோலைச் சிறகாக்கி மரம் தாவுகிறது. பறக்கும் பாம்புக்கு அந்தத் தோலும் இல்லை. உடலையே தட்டையாக்கி, அடிப்பக்கத்தைக் குழிவாக்கி, அந்தரத்திலும் நெளிந்தபடி போகிறது. அந்த நெளிவு அது உருண்டு கவிழாமல் காக்கிறது.

இதே கணக்கு இப்போது கடலுக்குள்ளும் ஓடுகிறது. கடல்கிளைடர் என்பது ஒரு மனிதர் நீளமுள்ள, சிறு இறக்கைகள் கொண்ட உருளை. முன்னே தள்ளும் விசிறி இல்லை. உடலின் கொள்ளளவைச் சற்றே குறைத்தால் மூழ்கும், கூட்டினால் மிதந்தெழும். இரண்டு வழியிலும் இறக்கைகள் அதை முன்னோக்கிச் செலுத்தும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் 'ஸ்கார்லெட் நைட்' 2009இல் இப்படியே 221 நாட்களில் அட்லாண்டிக்கைக் கடந்து ஸ்பெயினை அடைந்தது. 2016 தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வங்கக் கடலின் தென்பகுதியில் இத்தகைய கருவிகளை இறக்கினார்கள். கப்பல் தொடர்ந்து நின்று அளக்க முடியாத கடலில், அவை நாள்தோறும் மூழ்கி எழுந்து, பருவமழையோடு தொடர்புடைய நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்தன.