அரூப ஓவியமும் அதன் அச்சும்: ஒரு நோக்கு

பாலமுனை, ஒலுவில், அட்டாளைச்சேனை ஆகிய ஊர்களிற் புதிதாக எழும் வீடுகளின் முன்மண்டபங்களில் அண்மைக்காலமாக ஒருவகைப் படங்களைக் காண முடிகின்றது. ஒரு சுவரில் கஃபாவின் படமும் சட்டமிடப்பட்ட ஆயத்துல் குர்ஸியும். எதிர்ச்சுவரில், கதிரைகளின் நிறத்துக்குப் பொருந்துமாறு, பொன்னிறமும் நீலமும் வழிந்தோடும் அரூபப் படம். சீலையில் இயந்திரத்தால் அச்சிடப்பட்டு, மூன்று துண்டுகளாகக் கடையில் விற்கப்படுவது அது. வாங்குவோர் கூறும் நியாயம் எளிமையானது: இதில் உயிருருவம் எதுவுமில்லை, ஆகவே சர்ச்சைக்கும் இடமில்லை. அந்நியாயத்தை நாம் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும், உருவம் இல்லை என்பதனால் மட்டுமே ஒரு படம் ஏற்கப்படுமாயின், அங்கு ஏற்கப்பட்டது ஓவியமா, அதன் வாய்பேசாத் தன்மையா என்ற வினா எழுகின்றது.

அரூப வெளிப்பாட்டுவாதம் என்னும் பெயரை நியூயோர்க் ஓவியர் சிலரின் ஆக்கங்களுக்கு 1946 இல் வழங்கியவர் விமர்சகர் ரொபேட் கோட்ஸ். 1952 இல் ஹரோல்ட் றோசன்பேர்க், இவர்களது சீலையைச் செயலொன்று நிகழும் களமாகவே கொள்ளவேண்டும் என வாதிட்டார். ஜக்சன் பொலொக் 1950 இல் ஆக்கிய 'இலையுதிர்கால லயம்' ஏறத்தாழ 9 அடி உயரமும் 17 அடி அகலமும் கொண்டது. சீலையை நிலத்தில் விரித்து, அதனைச் சுற்றி நடந்தவாறே வர்ணத்தைச் சொட்டியும் வீசியும் அவர் அதனை ஆக்கினார். கோடு தடிக்கும் இடத்திற் கை தாமதித்திருக்கின்றது. மெலியும் இடத்தில் விரைந்திருக்கின்றது. ஒரு மனிதனின் நடையும் வீச்சுமே அங்கு பொருளாகின்றன. அதனை இரண்டடிக்குச் சுருக்கிக் கதிரைக்கு மேலே மாட்டினால் மிஞ்சுவது நூற்சிக்கலே.

எதிர்ச்சுவரைச் சற்று நோக்குவோம். இறைவசனம் கையால் எழுதப்பட்டாலும் இயந்திரத்தால் அச்சிடப்பட்டாலும் இறைவசனமே. எழுதியவனின் திறன் குன்றினும் சொல்லின் மகத்துவம் குன்றுவதில்லை. அரூப ஓவியத்துக்கோ அவ்வாறு தாங்கிநிற்க ஒரு சொல் இல்லை. அதற்குள்ளது கையின் சுவடு ஒன்றே. அச்சுவடும் நீங்கிவிட்டால் அதனைச் சுவர்க்கடதாசியிலிருந்து பிரித்தறிவது எங்ஙனம்? ஆகவே, ஒரே மண்டபத்தின் இரு சுவர்களிலும் உள்ளவை அச்சுக்களே எனினும், ஒன்றை அச்சு குறைப்பதில்லை, மற்றதை அழித்துவிடுகின்றது.

அங்ஙனமாயின் அரூப அச்சு எதனையும் சேகரித்தலாகாதா? இங்குதான் பிரதிக்கும் அச்சோவியத்துக்கும் இடையிலான வேறுபாட்டை வற்புறுத்த வேண்டியுள்ளது. கல்லச்சில் ஓவியன் நெய்ப்பசையுள்ள கோலினாற் கல்லின்மீது தானே வரைகின்றான். நனைந்த வெறுங்கல் மையை விலக்க, நெய்க்கோடு அதனைப் பற்றிக்கொள்ள, கடதாசியிற் படம் பதிகின்றது. இதற்கு முன்னதான மூலம் ஒன்று வேறெங்கும் இல்லை. பதிந்த ஒவ்வொரு தாளும் மூலமே. கீழ் விளிம்பிற் பென்சிலால் 12/50 எனக் குறித்திருப்பின், ஐம்பதில் பன்னிரண்டாவது தாள் அது என அறியலாம். பார்னெற் நியூமன் 1963-64 இல் தற்றியானா குறொஸ்மனின் அச்சுக்கூடத்தில் ஆக்கிய '18 கன்ரோக்கள்' இத்துறையிற் சிறந்த சான்று. சீலையில் இல்லாத வெள்ளை ஓரம் கடதாசியில் வந்து சேர்ந்தபோது, அவர் அதனை வெட்டியெறியவில்லை. ஓரத்தையும் படத்தின் உறுப்பாக்கினார்.

தமிழரிடையே இத்துறைக்குத் தக்க எடுத்துக்காட்டு, 1957 இல் தேவகோட்டையிற் பிறந்த ஆர். எம். பழனியப்பன். சென்னை ஓவியக் கல்லூரியிற் பயின்ற அவர், 1991 இல் அமெரிக்காவின் ரமரின்ட் நிறுவகத்திற் கல்லச்சுப் பயிற்சி பெற்றார். பறத்தலும் அதன் பாதையுமே அவரது அச்சுக்களில் மீண்டும் மீண்டும் வருவன. வானிலிருந்து நிலத்தை நோக்கும் ஒருவனது வரைபடம் போலக் கோடுகளும் எண்களும் அங்கு ஓடுகின்றன. பொலொக்கின் ஆவேசம் இவரிடம் இல்லை. கணக்கிடும் மனமொன்று அசைவைப் பின்தொடர்கின்றது. என்வரையில் இதுவே அச்சுக்கு இயைந்த அரூபம்.

எமது பிரதேசத்துப் பெண்கள் இழைக்கும் பன்பாயைக் காட்டி, 'இதுவும் அரூபமே' என மகிழ்வோரும் உளர். பாயின் அழகு வேறு. எண்ணிக்கை தவறாது மீளமீள வருவதிலே அது பிறக்கின்றது. பொலொக்கோ மீள்வருகையையே மறுத்தவர். இரண்டையும் ஒன்றாக்குவது இரண்டுக்குமே நியாயமாகாது.

இவ்வகை ஓவியத்தைப் பூர்ஷுவா வடிவவாதம் எனத் தள்ளிவிடுவோரும் எம்மிடையே உண்டு. 1958-59 இல் 'புதிய அமெரிக்க ஓவியம்' என்னும் கண்காட்சி எட்டு ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிவந்ததில் கெடுபிடிப் போரின் அரசியல் இருந்தது மெய்யே. அது ஓவியத்தைக் கையாண்டோரின் வரலாறு. ஓவியத்தின் தரத்தை அதனைக்கொண்டு தீர்க்கவியலாது.

மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கட்புலக் கலை பயிலும் இளைஞர் உளர். மூன்று துண்டுப் படத்துக்குப் பணம் எடுத்துவைத்திருப்பவர், கடைக்குப் போகுமுன் அவர்களுள் ஒருவரிடம் கையால் ஆக்கிய ஒரு தாளைக் கேட்டுப் பார்க்கலாம். அது கதிரையின் நிறத்துக்குப் பொருந்தாமற் போகவும் கூடும்.