பெட்டியின் மேல் ஒரு வாட், உள்ளே ஒரு வாட்

அறிவியலில் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும் என்று பள்ளியில் கற்கிறோம். அதே சொல் கடைத்தெருவுக்குப் போனதும் பல பொருள்கள் முளைத்துவிடுகின்றன. 'வாட்' என்னும் சொல்லுக்கு நேர்ந்திருப்பது இதுதான்.

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் ஆலந்தலையில் ஒருவர் தம் வேனுக்கு ஸ்டீரியோ வாங்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் அவர் முன் மூன்று பெட்டிகள் வைக்கப்படுகின்றன. பாட்டுப் பெட்டியின் மேல் '50 வாட் × 4' என்று அச்சிட்டிருக்கிறது. ஸ்பீக்கரின் மேல் '300 வாட்' என்றிருக்கிறது. தனியாக இணைக்கும் பெருக்கியின் மேல் '3000 வாட் பி.எம்.பி.ஓ.' என்றிருக்கிறது. மூன்றிலும் வாட் என்ற சொல்தான். ஆனால் மூன்றும் ஒரே பொருளைக் குறிப்பவை அல்ல. விலையோ அந்த எண்களை நம்பியே சொல்லப்படுகிறது. ஆகவே இச்சொற்களைச் சற்றுக் கறாராகப் பரிசீலிப்பது நம் கடமையாகிறது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை; பத்தாம் வகுப்பு இயற்பியலே போதும்.

ஐம்பது வாட் எங்கிருந்து வந்தது?

திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிக் கிடைப்பது. மின்னழுத்தத்தின் இருமடியைத் தடையால் வகுத்தாலும் திறன் கிடைக்கும். காரின் எஞ்சின் ஓடும்போது மின்கலத்தில் ஏறத்தாழ 14.4 வோல்ட் இருக்கும். வண்டி ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம் கொண்டவை. 14.4-இன் இருமடி 207. அதை 4-ஆல் வகுத்தால் 52 வாட் வருகிறது. பெட்டியின் மேலுள்ள '50 வாட்' இதுவேதான்!

இது பொய்க்கணக்கு அன்று. ஆனால் முழுக்கணக்கும் அன்று. அலையின் மின்னழுத்தம் எப்பொழுதும் உச்சியிலேயே நின்றால்தான் 52 வாட் கிடைக்கும். அத்தகைய சதுர அலை இசை அன்று, வெறும் இரைச்சல். சீராக ஏறி இறங்கும் சைன் அலையில் சராசரித் திறன் உச்சத்திறனில் பாதியே ஆகும். அதாவது 26 வாட். பெருக்கியின் உள்ளே ஏற்படும் இழப்புகளையும் கழித்தால் ஏறத்தாழ 20 வாட் மிஞ்சும்.

இதைச் சரிபார்க்க மற்றொரு வழியும் உண்டு. பெட்டியின் பின்புறம் ஃபியூஸ் என்னும் உருகி இருக்கும். பல பெட்டிகளில் அது 10 ஆம்பியர். அப்படியானால் பெட்டிக்குள் நீடித்து நுழையக்கூடிய திறன் 14.4 × 10 = 144 வாட். உள்ளே 144 வாட் நுழைய, வெளியே 200 வாட் வருமா? ஆற்றல் அழிவின்மை விதி அதற்கு இடங்கொடாது. நுழைவதில் பாதியோ, பத்தில் ஆறு பங்கோதான் இவ்வகைப் பெருக்கியில் ஒலிக்கெனக் கிடைக்கும், மீதி வெப்பமாகிவிடும். அதை நான்கு ஸ்பீக்கர்களுக்கும் பங்கிட்டால் தலைக்கு 18 முதல் 21 வாட் வரை வருகிறது. இரு கணக்குகளும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைக் கவனியுங்கள். அட்டையில் அச்சிட்டதைவிடச் சிறு உருகி உண்மை பேசுகிறது.

எட்டு மடங்கும் எத்தனையோ மடங்கும்

மீனவர்கள் வாங்கும் எதிரொலிமானியிலும் வாட் கணக்கு உண்டு. கடலுக்குள் ஒலியலையை அனுப்பி, அடித்தரையிலும் மீன் கூட்டத்திலும் பட்டு எதிரொலிக்கும் அலையைக் கொண்டு ஆழமறியும் கருவி அது. ஒரே கருவிக்கு '500 வாட் ஆர்.எம்.எஸ்.' என்றும், '4000 வாட், உச்சி முதல் அடி வரை' என்றும் இரு எண்கள் தரப்படுவதுண்டு. சைன் அலையின் மேல் உச்சிக்கும் கீழ் உச்சிக்கும் இடையேயுள்ள அளவு, அதன் பயனுறு மதிப்பைப் போல் 2.83 மடங்கு, இதன் இருமடி 8. ஆகவே 4000-ஐ 8-ஆல் வகுத்தால் 500 வந்துவிடுகிறது. எண் பெரிதாகத் தோன்றினாலும் திரும்பி வருவதற்கு வழி இருக்கிறது.

பி.எம்.பி.ஓ.வுக்கு அந்த வழி இல்லை. 'உச்ச இசைத்திறன் வெளியீடு' என்பது அதன் விரிவு. எத்தனை நொடிக்கு, எவ்வளவு உருத்திரிபுடன், எத்தனை ஓமில் அளந்தது என்று அனைவரும் ஏற்ற வரையறை எதுவும் அதற்கில்லை. ஒருவர் பத்தால் பெருக்கலாம். அடுத்தவர் ஐம்பதால் பெருக்கலாம். இருவரையும் ஒப்பிடவும் முடியாது. தவறென்று நிறுவவும் முடியாது. அளவின் பெயரைச் சூடிக்கொண்டு அளக்க முடியாததாக இருப்பதே இச்சொல்லின் பெருங்குறை.

இதே மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில் முத்துக்களைப் பருமன் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். முதல் சல்லடையில் 20 துளைகள். கடைசிச் சல்லடையில் 1000 துளைகள். 'இருபதில் நின்ற முத்து' என்றால் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரே பொருள். காரணம், எண்ணுக்குப் பின்னால் ஒரு சல்லடை இருந்தது. பி.எம்.பி.ஓ.வுக்குப் பின்னால் சல்லடை இல்லை.

அத்தகைய சல்லடைகள் ஒலிக்கருவிகளுக்கும் உண்டு. அமெரிக்காவில் 1974-இல் வீட்டுப் பெருக்கிகளின் திறனை விளம்பரப்படுத்த அரசு விதி வகுத்தது. தொடர்ந்து தரும் திறன், ஓம், அதிர்வெண் எல்லை, உருத்திரிபு ஆகியவற்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். கார்ப் பெருக்கிகளுக்கு 2003-இல் 'சி.இ.ஏ.-2006' என்னும் தரம் வந்தது. 14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 சதவீதத்துக்கு மிகாத உருத்திரிபுடன் அளக்க வேண்டும் என்று அது கூறுகிறது. இது தொழில்துறையினர் தாமே ஏற்கும் தரமே தவிர, எல்லாரையும் கட்டுப்படுத்தும் சட்டமன்று.

'ஆர்.எம்.எஸ். வாட்' என்பதும் குற்றமற்ற சொல்லன்று. இருமடிச் சராசரி மூலம் என்பது மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உரியது. அவற்றைப் பெருக்கி வருவது சராசரித் திறன், திறனுக்கே ஆர்.எம்.எஸ். காண்பதில்லை. ஆயினும் இச்சொல் குறிக்கும் பொருள் நேர்மையானது. ஆகையால் சொல்லைத் திருத்திக்கொண்டு பொருளை ஏற்கலாம்.

ஒலிபெருக்கி பெருக்குகிறதா?

வணிகரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிவிட முடியாது. நம் தமிழ்ச் சொற்களும் இக்குழப்பத்துக்குத் துணை போகின்றன. ஸ்பீக்கரை 'ஒலிபெருக்கி' என்கிறோம். உண்மையில் அது எதையும் பெருக்குவதில்லை. தனக்கு வரும் மின்திறனில் மிகச் சிறு பங்கையே ஒலியாக மாற்றுகிறது. பெருக்குவது அதற்கு முன்னால் இருக்கும் பெருக்கிதான். எனவே 'ஒலிபெருக்கி 300 வாட்' என்று படிக்கும் மாணவர் அது 300 வாட் ஒலியைத் தருமென்று எண்ணிவிடுகிறார். அந்த 300 அது தாங்கும் எல்லை, தரும் அளவன்று. 500 கிலோ தாங்கும் பாலத்தின் மேல் 20 கிலோ ஏறினால் சுமை 20 கிலோதானே?

'300 வாட் சக்தி', '300 வாட் ஆற்றல்' என்று விளம்பரங்களில் எழுதுவதும் தவறு. வாட் திறனின் அலகு. ஆற்றலின் அலகு ஜூல். பாடநூலில் நாம் பாடுபட்டுப் பிரித்த சொற்களை விளம்பரத்தில் கலக்க விடலாமா?

பெட்டியில் தேட வேண்டிய எண்

பேரெழுத்தில் அச்சிட்ட வாட்டைவிடப் பயனுள்ள எண் ஒன்று ஸ்பீக்கர் பெட்டியில் சிற்றெழுத்தில் இருக்கும். அது உணர்திறன். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் என்பதே அது. திறனை இரட்டித்தால் 3 டெசிபெல் கூடும். ஆகவே 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுப்பதும், 90 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுப்பதும் ஒன்றே. காதுக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. 20 வாட்டை 25 ஆக்கினால் கேட்பவருக்கு வேறுபாடே தெரியாது.

டெசிபெல்லை அறிந்தால் காதுக்கும் காவல். தொழிலாளர் நலம் ஆராயும் அமெரிக்க நிறுவனமான நியோஷ் 85 டெசிபெல்லில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை என எல்லை வகுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் கால் மணி நேரமே. கண்ணாடி ஏற்றிய வேனுக்குள் அந்த அளவை எட்ட 3000 வாட் வேண்டியதில்லை. நல்ல ஸ்பீக்கருக்குச் சில பத்து வாட் போதும்.

ஆகவே வாசகர்களே, பெட்டியை வாங்குமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். தொடர்ந்து எத்தனை வாட்? எத்தனை ஓமில்? எவ்வளவு உருத்திரிபுடன்? உருகி எத்தனை ஆம்பியர்? 1000 வாட் உண்மையாகத் தரும் பெருக்கிக்கு, இழப்பே இல்லையென்று கொண்டாலும், 69 ஆம்பியர் வேண்டும். அதற்கு மின்கலத்திலிருந்து நேரே வரும் பருத்த கம்பியும், அக்கம்பிக்கு ஏற்ற உருகியும் தேவை. மெல்லிய கம்பியும் 20 ஆம்பியர் உருகியும் இருந்தால் விடை அங்கேயே கிடைத்துவிட்டது. உருகி அடிக்கடி போகிறதென்று அதற்குப் பதில் வெறுங்கம்பியைச் சுற்றிவிடுவோர் உண்டு. அது கணக்கை ஏமாற்றலாம். கம்பி சூடேறித் தீப்பற்றுவதை ஏமாற்ற முடியாது.

ஓமின் விதி தேர்வுத்தாளுக்காக மட்டும் எழுதப்பட்டதன்று. அதைக் கடைக்கும் எடுத்துச் செல்லுங்கள்.